படைக்குப் பாடம் எடுத்த ஸ்டூபன்



முதலாம் ஆண்டில் என்.சி.சி.யில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். சாவ்தான் என்று ஒரு குரல். எங்க வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்தில் நின்றவன் காலைத் தட்டினான், நானும் தட்டினேன். கொஞ்சம் லேட்டாத் தட்டிட்டேன். அதற்காக மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டியதாயிற்று. ஓடும்போது மனசுக்குள் ஒரே கேள்விதான்: எதுக்கு இந்தக் காலைத் தட்டுறோம்? கேட்கப் பயம். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். வாத்தியார் சொன்னதைச் செய், எதிர்த்து ஒன்றும் கேட்காதே என்று சொல்லித்தான் என்னை பஸ் ஏற்றி விட்டார். ஒர்க் ஷாப்பிலும் அப்படித்தான். இரும்புத் துண்டை வைஸில் மாட்டி நாள் முழுக்க அரத்தால் ராவினேன், ஏன் என்று கேட்கவில்லை.

அப்புறம் நூலகத்தில் ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். இருநூறு வருஷத்துக்கும் முன்னால், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்த ஒரு டிரில் மாஸ்டர் இருந்திருக்கிறார். அவர்தான் ஸ்டூபன்.

முழுப் பெயர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ஃபான் ஸ்டூபன். 1730 செப்டம்பர் 17-ல் பிரஷ்யாவின் மாக்டபர்க் நகரில் பிறந்தார். பிரஷ்யா என்பது இன்றைய ஜெர்மனியின் ஒரு பகுதியை ஆண்ட ராஜ்யம். அப்பா ராணுவ எஞ்சினியர். பையனும் பதினாறு பதினேழு வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஏழாண்டுப் போரில் காயம்பட்டார், ரஷ்யர்களிடம் கைதியானார், மன்னர் ஃபிரெட்ரிக்கின் தலைமையகத்திலும் வேலை பார்த்தார். 1763-ல் போர் முடிந்ததும் வேலை போனது. அப்போது அவர் வெறும் கேப்டன். பிறகு ஒரு சிற்றரசரின் அரண்மனையில் பல வருஷம் காலம் தள்ளினார். கடன்தான் ஏறியது.

1777-ல் வேலை தேடி பாரிஸ் வந்தார். அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களுடைய தூதர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் (ஆமாம், இடிதாங்கி கண்டுபிடித்த அதே ஃபிராங்க்ளின்தான்) ஜெனரல் வாஷிங்டனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். அதில் ஸ்டூபன் பிரஷ்ய மன்னரிடம் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர் என்று எழுதியிருந்தது. கேப்டன் ஒரே கடிதத்தில் ஜெனரல் ஆகிவிட்டார்!

இந்த இடத்தில்தான் எனக்கும் என் அறை நண்பனுக்கும் ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை சண்டை. போலி சர்டிபிகேட் கொடுத்தவனைப் பற்றி மலரில் எழுதப் போறியா என்று கேட்டான். பொய் பொய்தான், நான் அதைக் கழுவ வரவில்லை. ஆனால் அந்தக் கடிதம் அவரை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விட்டது. உள்ளே போன பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

1778 பிப்ரவரி 23-ல் பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் இருந்த வாஷிங்டனின் முகாமுக்கு வந்து சேர்ந்தார். கூட ஒரு நாய், பெயர் அசோர். செயலாளராக துபோன்சோ என்ற பிரெஞ்சுப் பையன், வயசு பதினேழு. நம்ம வயசு!

முகாமின் நிலையைச் சொன்னால் மனசு கனக்கும். டிசம்பரில் வந்து இறங்கிய சுமார் 12,000 பேர், தாங்களே மரம் வெட்டிக் குடிசை போட்டுக்கொண்டார்கள். 14-க்கு 16 அடி அளவு, ஒரு குடிசைக்கு பன்னிரண்டு பேர். காலில் செருப்பில்லை, போர்த்தப் போர்வையில்லை, சில நாள் சாப்பாடும் இல்லை. குண்டு பட்டு அல்ல, காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். இவர்களில் பலர் போரைப் பார்த்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு ரெஜிமெண்டும் ஒவ்வொரு விதமாக டிரில் செய்தது. சாலையில் ஒருவர் பின் ஒருவராக நீளமாகப் போவார்கள், தலை போய்ச் சேர்ந்தாலும் வால் வந்து சேராது. துப்பாக்கி முனையில் மாட்டும் பயோனெட்டைக் கறி சுடத்தான் பயன்படுத்தினார்களாம்.

மார்ச் 19-ல் ஸ்டூபன் பயிற்சியைத் தொடங்கினார். எல்லோரையும் ஒரே நாளில் திருத்தப் போகவில்லை. வாஷிங்டனின் மெய்க்காவல் படையோடு கூடுதலாக நூறு பேரைச் சேர்த்து ஒரு மாதிரிப் படை அமைத்தார். ஜெனரல் என்று வந்தவர் குதிரையை விட்டு இறங்கி, துப்பாக்கியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, இப்படிப் பிடி, இப்படித் தோளில் வை என்று தானே செய்து காட்டினார். அதுவரை அங்கே டிரில் என்பது சார்ஜெண்ட் வேலை, அதிகாரிக்குக் கௌரவக் குறைவு. அதனால் அதைப் பார்க்கவே முகாம் முழுக்கக் கூடி நின்றது.

முதலில் ஆயுதம் கிடையாது. நிற்பது எப்படி என்பதுதான் முதல் பாடம். வயிறு லேசாக உள்ளே, நெஞ்சு முன்னே, உள்ளங்கை தொடையோடு ஒட்டி, இடது கண் சட்டைப் பொத்தான்களுக்கு நேர் மேலே வருகிற அளவுக்குத் தலை வலப்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். பிறகு நடை. சாதாரண நடை நிமிஷத்துக்கு 75 அடி, வேக நடை 120 அடி. அதற்குப் பிறகே துப்பாக்கி.

இதில் ஒரு வேடிக்கை, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது! கட்டளைகளை மனப்பாடம் செய்து வந்து சொல்வார். ஒருநாள் அவர் ஒன்று சொல்ல, வரிசை வேறொன்று செய்ய, ஒரே குழப்பம். ஜெர்மனில் திட்டினார், பிரெஞ்சில் திட்டினார், யாருக்கும் புரியவில்லை. அப்போது பெஞ்சமின் வாக்கர் என்ற நியூயார்க் கேப்டன் வரிசையை விட்டு முன்னால் வந்து, எனக்குப் பிரெஞ்சு தெரியும், நான் சொல்கிறேன் என்றார். அதன் பிறகு திட்டுவதற்கும் வாக்கரைத்தான் கூப்பிடுவார், என் சார்பில் இங்கிலீஷில் நீ திட்டு என்று. படை சிரிக்கும். சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டது. அந்த மாதிரிப் படை கற்றதைப் பார்த்து மற்ற படைப்பிரிவுகள் கற்றன.

மறுநாள் பாடத்தை முந்தின நாள் இரவில் எழுதுவார். அவர் பிரெஞ்சில் எழுத, துபோன்சோ இங்கிலீஷில் மாற்ற, லாரன்ஸ், ஹாமில்டன் என்ற இளம் அதிகாரிகள் அதைத் திருத்துவார்கள். அச்சு இல்லை, ஜெராக்ஸா இருந்தது? எல்லாம் கையால் நகல். கிழிந்த கால்சட்டை உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்று சொல்லி இளம் அதிகாரிகளுக்கு ஒரு விருந்தும் வைத்தார். நல்ல கால்சட்டை போட்டவன் உள்ளே வரக்கூடாது! வறுமையைக் கேலி செய்கிற மாதிரி செய்து, அதன் வெட்கத்தை எடுத்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஏன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் இருந்த பழைய நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் சிப்பாய் சொன்னதைச் செய்துவிடுவான், இங்கே உள்ளவனுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், சொன்னால் செய்துவிடுகிறான் என்பது அதன் கருத்து. அவர் அதைக் குறையாக நினைக்கவில்லை. பாடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்.

மே 5-ல் அவர் மேஜர் ஜெனரல் ஆனார், படை முழுவதற்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல். இப்போது பதவி உண்மையாகவே வந்துவிட்டது! ஜூன் 28-ல் மான்மத் என்ற இடத்தில், ஆட்கள் சுருண்டு விழுகிற வெயிலில், அதே படை பிரிட்டிஷ் படைக்கு நேருக்கு நேர் நின்றது. வென்றார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கலைந்து ஓடவில்லை. அடுத்த வருஷம் ஸ்டோனி பாயிண்ட் கோட்டையை ராத்திரியில் பயோனெட்டை மட்டும் நம்பிப் பிடித்தார்கள். கறி சுட்ட அதே பயோனெட்!

1779-ல் அவருடைய விதிப்புத்தகம் அச்சானது. நீல அட்டை போட்டதால் நீலப் புத்தகம் என்றே பெயர். அதில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. இந்த வேலைக்கு அனுபவம் மட்டும் போதாது, எல்லா அதிகாரிகளிடமும் இல்லாத ஒரு பொறுமை வேண்டும், ஆகவே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் என்கிறார். புதியவனைத் தனித்தனியாகக் கற்பித்த பிறகே மூன்று பேராகச் சேர்த்து நிறுத்த வேண்டும். இதைப் படித்ததும் அந்த மூன்று சுற்று எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் கோபக்காரர், ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு பயிற்சியில் வரிசை குலைந்ததும் ஒரு லெப்டினன்டைக் கைது செய்து பின்னால் அனுப்பினார். தப்பு அவனுடையது அல்ல என்று பிறகு தெரிந்தது. எல்லோர் முன்னாலும் அவனை அழைத்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அப்போது நல்ல மழை, தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் புத்தகம் முடித்த வாரம் பரேடு முடிந்ததும் பயந்து பயந்து போய் எங்கள் ஹவில்தாரிடம் கேட்டுவிட்டேன், காலை எதுக்கு சார் தட்டுறோம் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கண் முன்னால் பார்க்கும்போது பக்கத்து ஆளைப் பார்க்க முடியாது, சத்தம் வந்தால் காதால் வரிசை சேரும் என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லையாம்.

போர் முடிந்த பிறகு ஸ்டூபனுக்கு மறுபடியும் கடன். சேர வேண்டிய பணத்துக்காக வருஷக்கணக்கில் மனு போட்டார். 1790-ல்தான் வருஷத்துக்கு 2,500 டாலர் பென்ஷன் கிடைத்தது. நியூயார்க் மாகாணம் கொடுத்த காட்டு நிலத்தில் மரக்கட்டை வீட்டில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1794 நவம்பர் 28-ல் அங்கேயே இறந்தார். சொத்தை, பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டிருந்த இரண்டு பழைய அதிகாரிகளுக்கு எழுதி வைத்திருந்தார். ஒருவர் வில்லியம் நார்த். இன்னொருவர், அன்றைக்கு வரிசையை விட்டு முன்னால் வந்தாரே, அந்த வாக்கர்.