கொழும்புத்துறைக் கொட்டிலில் யோகர் சுவாமிகள்

பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளில் வாழ, பெரிய வீட்டிலே தொலைபேசி மணியை எதிர்பார்த்திருக்கும் முதியோர் இன்று நம் ஊர்களிற் பலர். அவர்கள் யோகர் சுவாமிகளின் முதுமைக் காலத்தை அறிந்திருப்பது நன்று.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் அவதரித்தார். இளமையிலேயே தாயாரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றினார். நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கண்டபின் உத்தியோகத்தைத் துறந்தார். இல்லறத்தில் புகவில்லை. அந்தக் குருவும் 1915இல் சமாதியடைந்தார்.

உலக வழக்கிலே பார்த்தால் முதுமையில் தனித்துப் போகவேண்டியவர் அவர். மனைவி மக்கள் இல்லை. கொழும்புத்துறையில் ஒரு சிறு கொட்டிலே இருப்பிடம். ஆனால் அங்கே குருவின் பாதுகைக்கு முன் கர்ப்பூரம் ஏற்றப்படும் வேளையில் இருக்க இடம் போதாது. கமக்காரரும் உத்தியோகத்தரும் படிக்கிற பிள்ளைகளும் ஒரே நிலத்தில் அமர்ந்து தேவாரமும் நற்சிந்தனையும் பாடுவர். சிலவேளை சுவாமிகள் ஏசித் துரத்துவதும் உண்டு. ஏச்சு வாங்கியவர்களே மறுநாளும் வந்தனர்.

வருவோரை எதிர்பார்த்து அவர் கொட்டிலிலேயே இருந்துவிடவுமில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே நெடுந்தூரம் நடந்து, அடியார் வீடுகளுக்குச் சொல்லாமற் கொள்ளாமற் செல்வார். பிறர் நலம் விசாரிக்கத் தாமே புறப்பட்ட இந்த நடையை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையம் 1953இல் உருவானபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

1961இல் தமது பசுவுக்கு வாழையிலை கொடுக்கச் சென்றவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் வைத்தியசாலை, அதன்பின் சக்கர நாற்காலி. யாழ்ப்பாணமெங்கும் நடந்த கால்கள் ஓய்ந்தன. அத்தனை காலமும் அவர் தேடிப்போன வீட்டார் இப்போது அவரைத் தேடி வந்தார்கள். முன்போலவே பாட்டு நடந்தது. முன்போலவே சிலர் ஏச்சும் வாங்கினர்.

1964 மார்ச் மாதத்தில், 91ஆவது வயதில், சுவாமிகள் மகாசமாதியடைந்தார். பங்குனி ஆயிலியம் அவரது குருபூசைத் தினமாகும்.