காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன்

சோழமண்டலத்துக்கும் தொண்டைமண்டலத்துக்கும் இடையே அமைந்த நிலப்பகுதியை நடுநாடு என வழங்குவது பழைய மரபு. பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் பாயும் இந்நாட்டில்தான் விருத்தாசலமும் திருவதிகையும் உள்ளன, நெய்வேலியும் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்நடுநாட்டிலிருந்து எழுந்து, தனக்குப் பதவி தந்த பேரரசையே சிறையிட்ட பெருமகன் ஒருவன் உண்டு. அவனே சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்ட காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன்.

காடவர் தம்மைப் பல்லவர் வழியினராகக் கூறிக்கொண்டனர். பல்லவப் பேரரசு வீழ்ந்து மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அப்பெருமித உணர்வு அவர்களிடம் மங்கவில்லை. எனினும் வாழ்வு நடந்தது சோழர் தயவில்தான். கூடலூரைத் தமக்குரிய ஊராகக் கொண்ட இக்குடியினர், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் இப்பகுதியின் பாடிகாவல் உரிமையைப் பெற்றிருந்தனர். ஊரைக் காப்பதும், அதற்குரிய வரியைத் தண்டுவதும் அவ்வுரிமையின் இரு பக்கங்கள். காவல் கூலியாகத் தொடங்கிய வருவாய், தலைமுறைகள் செல்லச் செல்ல ஆட்சி உரிமையாகக் கனிந்தது. ஆளப்பிறந்தான், ஏழிசைமோகன் முதலிய பெயர்களைத் தாங்கிய காடவத் தலைவர்கள் திருக்கோயில்களுக்கு நிவந்தங்கள் அளித்தனர். ஆயினும் தம் பெயருக்கு முன்னே குலோத்துங்க சோழக் காடவராயன் என்றாற்போல வேந்தன் பெயரைச் சூட்டிக்கொள்ள அவர்கள் மறக்கவில்லை.

பேரரசின் நிழலில் வாழும் சிற்றரச மரபுகளுக்கு இஃது உலகப் பொதுவான இயல்பு. யூதேயாவின் ஏரோதுவுக்குக் கி.மு. 40இல் அரசப் பட்டத்தை வழங்கியது உரோமாபுரியின் ஆட்சிமன்றம். அவன் தான் எழுப்பிய துறைமுக நகருக்குச் சீசர் பெயரால் செசரியா எனப் பெயரிட்டு நன்றி செலுத்தினான். உரோமாபுரியின் கை வலுவாயிருந்தவரை ஏரோதுவின் பணிவும் குன்றவில்லை. சோழநாட்டிலோ தாங்கிய கை தளர்ந்தது. அத்தளர்ச்சியில்தான் கோப்பெருஞ்சிங்கன் வரலாறு தொடங்குகிறது.

மூன்றாம் இராசராசன் கி.பி. 1216இல் அரியணை ஏறினான். பாண்டியர் படையெடுப்பால் தஞ்சையும் உறையூரும் எரியுண்டன. முன்பு திறை கொண்ட பேரரசு, மேற்கேயிருந்த போசளரின் துணையால் உயிர் தாங்க வேண்டியதாயிற்று. வேந்தன் காக்க இயலாத நாட்டைக் காத்தவர்கள் பாடிகாவல் உரிமை பெற்ற குறுநிலத் தலைவர்களே. காவற்காரன் தானே உரியவன் என எண்ணத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

கி.பி. 1231ஆம் ஆண்டளவில் தெள்ளாற்றில் போர் நிகழ்ந்தது. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் வாகை சூடிய களமும் அதுவே. பல்லவர் வழியினன் என்று பெருமை பேசியவனுக்கு அக்களம் எத்தகைய எழுச்சியைத் தந்திருக்கும் என்பது உய்த்துணரத்தக்கது. கோப்பெருஞ்சிங்கன் சோழனை வென்று, அமைச்சரோடு சிறைப்படுத்தினான். இவ்வெற்றியை வயலூர்க் கல்வெட்டு செய்யுள் வடிவில் போற்றுகின்றது. சோழர் புகழை மெய்க்கீர்த்தியாகப் பொறித்துவந்த கல்லில், சோழனைச் சிறையிட்டவன் புகழும் தமிழ்ப்பாட்டாகவே ஏறியது.

இச்செய்தி போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனை எட்டியது. அவன் ஏவலால் அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் இருவர் படையுடன் வந்தனர். கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு அப்படை சென்ற வழியை ஊர் ஊராகக் கூறுகின்றது. எள்ளேரி, கல்லியூர்மூலை, சோழகோன் இருந்த தொழுதகையூர் ஆகிய ஊர்கள் அழிக்கப்பட்டன. பொன்னம்பலத்தை வணங்கிய படை வடக்கே திரும்பி, சேந்தமங்கலத்தை நெருங்கியது. பயிர் அழிந்தது, ஊர்கள் எரிந்தன. கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவிக்க உடன்பட்டான். வேந்தனைச் சிறைவைத்தவனும் விடுவித்தவனும் வரலாற்றில் பெயர் பெற்றனர். எரிந்த ஊர்களின் உழவர் பெயரை எழுத எவரும் இல்லை.

இங்கு ஒன்று குறிப்பிடுதல் வேண்டும். தெள்ளாறு வென்றவனும், கி.பி. 1243 முதல் தன் ஆட்சியாண்டைக் கணக்கிட்டவனும் ஒருவனே என்பர் ஒரு சாரார். அழகிய சீயன் என வழங்கிய தந்தையும், அவன் பெயரே தாங்கிய மைந்தனும் என இருவர் என்பர் மற்றொரு சாரார். எவ்வாறு கொள்ளினும் கல்வெட்டுகள் காட்டும் அரசியல் நெறி ஒன்றே. 1243க்குப் பின் சோழன் ஆட்சியாண்டைக் குறிக்கும் கட்டாயம் காடவனுக்கு இல்லை. சகலபுவனச் சக்கரவர்த்தி என்னும் விருதும் அவனுக்கு உரியதாயிற்று.

தான் பெற்ற நிலையைத் தன்கீழ் இருந்தோர்க்கும் அவன் பகிர்ந்தளித்தான். பெருமாள்பிள்ளையான சோழகோன் அவனுடைய அதிகாரிகளுள் தலையாயவன். தில்லையில் திருநந்தவனங்களுக்கு ஏற்பாடு செய்தவன். சோழர்க்குப் பணிசெய்து உயர்ந்த காடவன், தனக்குப் பணிசெய்து உயரும் ஒருவனை உருவாக்கினான். அவ்வதிகாரி தாங்கிய பட்டத்திலும் சோழர் பெயரே நின்றது.

போசளரோடு பகை நீண்டது. பெரம்பலூரில் போசளத் தண்டநாயகரைக் கொன்று, அவர்தம் பெண்டிரையும் பொருளையும் கவர்ந்தான். பின்னர் அப்பழிக்குக் கழுவாயாக விருத்தாசலத்து இறைவனுக்கு மணிகள் இழைத்த நெற்றிப்பட்டம் ஒன்றைச் சாத்தினான். அதற்கு அவனியாளப்பிறந்தான் எனத் தன் விருதையே பெயராக இட்டான். கழுவாயிலும் பெருமிதம் கலந்திருந்தது. எனினும் களத்தில் வென்றதைப் பழியெனக் கருதிய மனம் ஒன்று அவனுள் இருந்ததற்கும் அதுவே சான்று.

கலைகளை அவன் பேணிய திறம் போற்றத்தக்கது. தில்லையின் தெற்குக் கோபுரத்தை அவன் எழுநிலையாக எழுப்பியதை ஆத்தூர்க் கல்வெட்டு கூறுகின்றது. கிழக்குக் கோபுரப் பணியும் அவனுடையது என வடமொழிச் சாசனம் உரைக்கின்றது. அக்கிழக்கு வாயிலில் பரதநூல் கரணங்கள் சிற்பங்களாக நிற்கின்றன. பரதமல்லன், சாகித்திய ரத்நாகரன் என்னும் விருதுகளோடு, செந்தமிழ் வாழப் பிறந்தவன் எனப் பொருள்படும் விருதும் அவனுக்கு உண்டு. வாளால் பெற்ற புகழ் போதாதென்று, தமிழாலும் பெயர் பெற விழைந்தான்.

கி.பி. 1251இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் முன் அவ்வாள் தாழ்ந்தது. காடவன் அனுப்பிய திறையை ஏற்க மறுத்த பாண்டியன், சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டுக் கைப்பற்றினான். பின்னர் நாட்டை அவனுக்கே திருப்பியளித்தான். சோழர் தயவில் எழுந்த குடி பாண்டியர் தயவில் தொடர்ந்தது. கி.பி. 1262இல் தெலுங்கு நாட்டுத் திராட்சாராமம் வரை அவன் பெயர் சென்றது. எனினும் எவருக்கும் கீழ்ப்படாத முடி என்பது அவனுக்கு நிலைக்கவில்லை.

கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகள் கி.பி. 1279ஆம் ஆண்டளவில் நின்றுவிடுகின்றன. கடைசிச் சோழ வேந்தனான மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகள் நிற்பதும் அவ்வாண்டளவிலேயே. பதவி தந்த மரபும், அதனைப் பெற்று எதிர்த்து நின்ற மரபும் ஒருங்கே மறைந்தன. நாடு பாண்டியர் கைக்குச் சென்றது. விருத்தாசலத்திலும் தில்லையிலும் அவ்விரு மரபினரின் எழுத்துகளும் ஒரே கோயில் மதில்களில் இன்றும் அருகருகே நிற்கின்றன.