மெழுகுவத்தியை வைத்துப் பாடம் எடுத்தவர்



மின்சாரம் போனதும் நம் வளாகத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, நின்ற லிஃப்ட் மறுபடி நகர்கிறது. அந்த ஜெனரேட்டருக்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831-ல் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே. அவர் குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லித்தந்த அருமையான ஆசிரியரும்கூட என்பது உங்களுக்குத் தெரியுமா?

1791 செப்டம்பர் 22 அன்று, லண்டனை ஒட்டிய பகுதியில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே வந்த புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூல் அவரை மிகவும் ஈர்த்தது. அதில் இருந்ததை அப்படியே நம்பிவிடாமல், கையில் இருந்த காசுக்குக் கிடைத்த பொருட்களை வைத்துத் தானே செய்து சரிபார்த்தார்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளை பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். 1813-ல் அங்கேயே ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது.

அதே இடத்தில், 1827 முதல் 1860 வரை 19 முறை சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைத்தொடரை நடத்தினார். அவற்றில் புகழ்பெற்றது மெழுகுவத்தியைப் பற்றியது. ஒரே ஒரு மெழுகுவத்தி, ஆறு உரைகள்! எரிவது திரியா, மெழுகா? மெழுகு எங்கே போகிறது? ஒவ்வொரு கேள்விக்கும் குழந்தைகளின் கண்முன்னே சோதனை செய்து காட்டினார். 1867-ல் மறைந்தார். இன்றும் அந்த உரைகள் நூலாகக் கிடைக்கின்றன.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அறிவியல் கண்காட்சி என்றால் கடையில் மாடல் வாங்குகிறோம், அல்லது இரவு முழுக்க நாமே உட்கார்ந்து செய்து முடிக்கிறோம். குழந்தைக்கு மிஞ்சுவது மனப்பாடம் செய்த நாலு வரி மட்டும்.

இந்த விடுமுறையில் ஒருநாள் மாலை, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். அதை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். குச்சி திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றிக்கொள்ளும். அடுத்து, உலர்ந்த கண்ணாடி டம்ளரைச் சுடருக்குச் சற்று மேலே சில நொடிகள் மட்டும் கவிழ்த்துப் பிடியுங்கள். உள்ளே மெல்லிய ஈரம் படியும். நெருப்பிலிருந்து தண்ணீர் எப்படி வந்தது?

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் குழந்தை யோசித்துச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. அது சரியா என்று எப்படிச் செய்து பார்க்கலாம் எனக் கேளுங்கள். பைண்டிங் கடைப் பையன் விஞ்ஞானி ஆனது அந்த வழியில்தான்.