‘இஃப்’ வரிக்குள் ஒளிந்திருக்கும் ஜார்ஜ் பூல்: யார் இவர்?

ஆன்லைன் படிவத்தில் பான் எண், பின்கோடு இரண்டையும் அடித்து ‘சப்மிட்’ அழுத்துறீங்க. உள்ளே ஓடுவது ஒரே ஒரு ‘இஃப்’ வரியாக இருக்கலாம். பான் எண்ணில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து இருக்கிறதா? அதோடு, பின்கோடு ஆறு இலக்கமா? இரண்டும் சரி என்றால்தான் அடுத்த பக்கம். அந்த ‘அதோடு’வைக் கணக்காக்கியவர் ஜார்ஜ் பூல்.

1815-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தவர். அப்பா காலணி செய்பவர். ஆனால் மனசெல்லாம் தொலைநோக்கி மேலதான். தொழில் நொடிஞ்சு போச்சு. 16 வயதில் பூல் வாத்தியார் வேலைக்குப் போக, வீடு அவர் சம்பளத்தில் ஓடியது. 19 வயதில் சொந்தப் பள்ளி தொடங்கினார். கல்லூரிப் பக்கமே போகாமல் உயர்கணிதத்தைத் தானே படித்தார். 1849-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த குயின்ஸ் கல்லூரி, டிகிரியே இல்லாத அவரைக் கணிதப் பேராசிரியராக எடுத்துக்கொண்டது.

1854-ல் வெளிவந்த புத்தகத்தில் சிந்தனையையே இயற்கணிதமாக்கினார். உண்மை என்றால் 1, பொய் என்றால் 0. இரண்டு கூற்றுகளும் உண்மையா என்று பார்க்க, பெருக்கினால் போதும். ஒன்று 0 ஆனாலும் விடை 0. மின்சுவிட்சுகளுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று அமெரிக்காவின் கிளாட் ஷானன் காட்டியது 1937-ல்தான்.

புதுசா கோடிங் கற்பவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். பூல் பெருக்கியது உண்மை, பொய்யை, எழுத்துகளை அல்ல. ‘பானும் பின்கோடும் சரியான வடிவத்தில் இருந்தால்’ என்று வாய்ப்பேச்சில் சொல்வது போலவே, பான் மாறியைச் சும்மா போட்டு, ‘அண்ட்’ சேர்த்து, பின்கோடை மட்டும் வடிவத்தோடு ஒப்பிட்டால் மாட்டிக்குவீங்க. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் காலியாக இல்லாத எந்தச் சொல்லையும் ‘உண்மை’ என்றே எடுத்துக்கொள்ளும். பான் கட்டத்தில் ‘ஹலோ’ என்று அடித்தாலும் தாண்டிடும்! ஒவ்வொரு மாறியையும் அதற்குரிய வடிவத்தோடு தனித்தனியா ஒப்பிட்டு, கிடைக்கும் விடைகளைத்தான் ‘அண்ட்’ போட்டுச் சேர்க்கணும்.

பூல் 1855-ல் மேரி எவரெஸ்ட்டை மணந்தார். சிகரத்துக்குப் பெயர் தந்த, இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அண்ணன் மகளோ தம்பி மகளோ என்று தேட வேண்டாம். அவர் மேரிக்குப் பெரியப்பா முறை. ஐந்து பெண் குழந்தைகள். 1864 நவம்பரில், கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்தே போய், ஈர உடையோடு பாடம் நடத்தினார். காய்ச்சல் நிமோனியாவில் முடிந்தது. டிசம்பர் 8 அன்று இறந்தபோது வயது 49. கடைக்குட்டி எத்தலுக்கு அப்போ ஏழு மாசம்கூட ஆகலை.