சங்கம் கண்ட பாண்டித்துரை

சென்ற பொங்கல் விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, குறளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. வேதியியல் படிப்பவனுக்குத் தமிழ் மேடை! அஞ்சிக்கொண்டே நம் சங்கத்து அலமாரியைத் திறந்தேன். பழைய விழா மலர்கள் இருந்தன, கோலப்பொடி இருந்தது, போன ஆண்டு நாடகத்தில் அரசன் அணிந்த அட்டைக் கிரீடமும் இருந்தது. திருக்குறள் மட்டும் இல்லை. கைப்பேசியைப் பார்த்து ஒருவாறு பேசி முடித்தேன். கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆயினும் அந்த அலமாரி என் மனத்தை விட்டு அகலவில்லை.

நூறாண்டுகளுக்கு முன்பு இதே குறை மதுரை மாநகரிலே ஒருவரைச் சுட்டது. அவர் கைதட்டலோடு அமைதி அடைந்துவிடவில்லை. அவரைப் பற்றிச் சில சொற்கள் எழுதவே இக்கட்டுரை.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1867-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தை பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலரின் நூற்பதிப்புகளுக்குப் பொருள் தந்து உதவியவர். விவேகானந்தர் 1893-இல் சிகாகோ செல்லத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி மன்னர், இவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகன். செல்வமும் தமிழும் ஒருசேர வாய்த்த குடும்பம் அது. இளமையிலேயே தந்தையை இழந்த பாண்டித்துரை, செல்வத்தைவிடத் தமிழையே பெரிதாக எண்ணி வளர்ந்தார். புலவர்களைச் சூழ வைத்துக்கொண்டு பாடம் கேட்டார், பலநூற் பாடல்களைத் தொகுத்துப் பன்னூற்றிரட்டு என்னும் நூலை ஆக்கினார், உ. வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையை அச்சேற்றியபோது உதவிக்கரம் நீட்டினார்.

1901-ஆம் ஆண்டில் சொற்பொழிவு ஒன்றிற்காக அவர் மதுரை வந்திருந்தார். மேற்கோள் பார்ப்பதற்குக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டும் என்று கேட்டார். ஊரெல்லாம் தேடியும் அவை அகப்படவில்லை என்று கூறுவர். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த மதுரையிலா இந்த நிலை! அன்று அவருக்கு வயது முப்பத்து நான்கு. அவ்வாண்டு மே மாதம் மதுரையில் கூடிய சென்னை மாகாண மாநாட்டில், தமிழுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்ற தம் கருத்தை அறிஞர் முன் வைத்தார். நான்கு மாதத்திற்குள், செப்டம்பர் 14-ஆம் நாள், மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றிவிட்டது. நான்காம் தமிழ்ச் சங்கம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர்.

விழா எடுப்பதற்கென்று அவர் சங்கம் வைக்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும். தமிழ் கற்பிக்க ஒரு கலாசாலை, படிக்க ஒரு புத்தகசாலை, அச்சிட ஓர் அச்சகம், ஆராய்ச்சிக்கு ‘செந்தமிழ்’ என்னும் திங்களிதழ், புலமையை அளக்கப் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் ஆகிய தேர்வுகள் என்று ஒவ்வொரு தேவைக்கும் ஓர் உறுப்பு அமைந்தது. 1902-இன் முடிவில் தோன்றிய ‘செந்தமிழ்’ இதழுக்கு இரா. இராகவையங்கார் முதல் ஆசிரியரானார், பின்னர் மு. இராகவையங்கார் அப்பணியை ஏற்றார். பண்டிதத் தேர்வை எழுத ஈழத்திலிருந்தும் மாணவர் வந்தனர்.

அறிவியல் பயிலும் எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்தது அபிதான சிந்தாமணியின் கதை. சென்னையில் தமிழாசிரியராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், பல்லாண்டு தனியொருவராய் உழைத்து ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார். அச்சிடுவார் யாரும் இல்லை. பலரை நாடிச் சோர்ந்திருந்த அவருக்குப் பாண்டித்துரையார் கை கொடுத்தார். ஆயிரம் பக்கங்களைக் கடந்த அந்நூல் 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அந்தக் கை நீளாதிருந்தால் அக்கையெழுத்துப் படிகள் கறையானுக்கு இரையாகியிருக்கலாம் அன்றோ?

தமிழோடு அவர் நின்றுவிடவும் இல்லை. 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதன் தலைவராகத் துணிந்து முன்வந்தார். வெள்ளையரின் ஆட்சிக்குக் கட்டுப்பட்ட ஒரு ஜமீன்தாருக்கு இது எளிய செயலா? 1908-இல் வ. உ. சி. சிறைப்பட்டார், கம்பெனியும் நொடித்தது. 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் பாண்டித்துரையார் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜமீன்தாரின் செல்வம் வானத்திலிருந்து பெய்ததன்று. உழுதவன் செலுத்திய தீர்வை அது. எனவே வள்ளல் என்று அவரைப் பாடுவதோடு நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அதே தீர்வைப் பணம் வேட்டையிலும் கேளிக்கையிலும் கரைந்த மாளிகைகள் எத்தனை! இவரோ அதனை ஏடாகவும் எழுத்தாகவும் மாற்றி ஊருக்கே திருப்பித் தந்தார். தம்மோடு முடிந்துவிடாத ஒன்றை உண்டாக்கினார். மதுரையில் தமிழ்ச் சங்கச் சாலையும், அச்சங்கமும், செந்தமிழ்க் கல்லூரியும் இன்றும் நிலைத்திருப்பதே அதற்குச் சான்று.

நண்பர்களே, நம் சங்கத்தில் ஜமீன்தார் எவரும் இல்லை. மாத உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவிடுவோரே நாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை முகங்களும் மாறிவிடுகின்றன. வரும் மே மாதம் நானும் விடைபெறுவேன். நாம் போனபின் இங்கு எஞ்சப்போவது எது? விழாவின் ஒளிப்படங்கள் மட்டுந்தானா?

கைப்பேசியில் எல்லாம் இருக்கும்போது அலமாரி எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசியில் நாம் தேடுவதுதான் கிடைக்கும். தேடத் தெரியாமல் வந்து நிற்கும் முதலாண்டு மாணவன் கையில் ஒரு நூல் தானாகவே தட்டுப்பட வேண்டுமானால் அலமாரிதான் வேண்டும். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது, முறுக்கோடும் ஊறுகாயோடும் ஆளுக்கு ஒரு தமிழ் நூலைக் கொண்டு வருவோம். என் பங்குக்குப் பரிமேலழகர் உரையோடு திருக்குறளை வாங்கி, அட்டைக் கிரீடம் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த நூல் உங்களுடையதாகட்டும்.