காஞ்சியின் புத்தரும் அயோத்திதாசரின் வரலாற்று வாசிப்பும்

காஞ்சிபுரத்திற்கு வருவோருக்குக் கோயில்களும் பட்டும்தான் காட்டப்படுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் அங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கோ நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களையும் பத்தாயிரம் துறவிகளையும் குறித்து வைத்தார். நாலந்தாவின் ஆசான் தர்மபாலர் பிறந்த ஊர் அது. மணிமேகலையின் பயணம் நிறைவுறுவதும் அங்கேதான். அந்த பௌத்த நாகரிகம் எங்கே போயிற்று என்னும் வினாவைத் தீண்டாமையின் தோற்றத்தோடு இணைத்துக் கேட்டவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமிழும் மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். தம் குடும்பத்திலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடி அவர் வழியாகவே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்று அயோத்திதாசர் பதிவு செய்தார். கல்வி மறுக்கப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டோரின் வீட்டில் ஏடுகள் எப்படி வந்தன? நாம் கருதுகிறபடி, அவருடைய வரலாற்று ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஆலய நுழைவைக் கேட்டபோது மறுப்பே வந்தது. கோயில் இல்லையென்றால் போகட்டும், பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் வேண்டும் என்று கோரிக்கையைத் திருப்பினார். அதே காலத்தில்தான், காஞ்சிபுரத்தை உள்ளடக்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை அளித்தார். பஞ்சமி நில வழக்குகளில் நாம் இன்றும் கையிலேந்தும் 1010-ஆம் எண் அரசாணை 1892 செப்டம்பர் 30-இல் பிறந்தது.

1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். சென்னை திரும்பி சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை அதன் கிளைகள் பரவின. 1907 ஜூன் 19-இல் ஒரு பைசா தமிழன் வார இதழ் தொடங்கியது. இந்திரர் தேச சரித்திரத்தை அவ்விதழில்தான் எழுதினார். பூர்வ பௌத்தர்களே பின்னாளில் தோற்கடிக்கப்பட்டுத் தீண்டத்தகாதோர் ஆக்கப்பட்டனர் என்பது அதன் வாதம். தீபாவளியை எள்ளெண்ணெய் கண்டறியப்பட்ட நாளாகக் கொண்டது போன்ற அவருடைய விளக்கங்கள் பலவற்றை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை; நாமும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய முறை கவனிக்கத்தக்கது. எதிர்த்தரப்பின் ஆவணத்தைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்குரைஞரைப்போல, புராணத்தையும் பண்டிகையையும் நிகண்டையும் அவர் விசாரித்தார். கல்வெட்டும் ஆவணக் காப்பகமும் பிறர் வசமிருந்த காலத்தில் அவரிடம் வேறு சான்று என்ன இருந்தது?

1914 மே 5-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ், காஞ்சிபுரத்துப் பௌத்த எச்சங்கள் குறித்துக் கட்டுரை வெளியிட்டார். காமாட்சியம்மன் கோயில் வளாகத்திலேயே புத்தர் சிலைகளைக் கண்டிருந்தார். அவற்றுள் நின்ற கோலத்திலுள்ள ஒன்று இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தீண்டாமையின் வேர் பௌத்த ஒழிப்பில் இருப்பதாக அம்பேத்கர் நூல் எழுதியது 1948-இல். நாக்பூர் தீட்சை 1956-இல். அயோத்திதாசரின் எழுத்துகளோ ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவரும் வரை, தங்கவயல் குடும்பங்கள் சிலவற்றில் பெரும்பாலும் பழைய தமிழன் இதழ்களாகக் காக்கப்பட்டுக் கிடந்தன.