மணல் மேல் அணை கட்டிய ஆர்தர் காட்டன்



முக்கொம்புக்குப் போகாதவர் நம் கல்லூரியில் யாரும் இருக்க முடியாது. ஆடிப்பெருக்கு வந்தால் புளிசோறு கட்டிக்கொண்டு போவோம். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாலத்தின் மேல் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அந்த அணையை யார் கட்டியது என்று கேட்டால், வெள்ளைக்காரன் கட்டினது என்பதோடு சரி. அந்த வெள்ளைக்காரருக்கு ஒரு பெயர் உண்டு. சிவில் படிக்கிற நாமாவது அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803-ம் ஆண்டு மே 15-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். பெரிய குடும்பம். பதினொரு ஆண் பிள்ளைகளில் இவர் பத்தாவது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பழக்குவதற்காக அடிஸ்கோம்பில் ஒரு பள்ளி நடத்தி வந்தது. அதில் படித்து, 1819-ல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. நாம் டிப்ளமோவில் சேர்கிற வயதில் அவர் வேலைக்கே சேர்ந்துவிட்டார்! 1821-ல் இந்தியா வந்தார். பாம்பன் கடல் வழியை அளந்தார், பர்மா யுத்தத்துக்குப் போய்வந்தார். அதெல்லாம் இங்கே விரிவாக வேண்டாம். 1828 வாக்கில் காவிரிப் பாசனப் பொறுப்பு அவர் கைக்கு வந்ததே, அதுதான் நமக்கு முக்கியம்.

அப்போது காவிரியின் நிலைமை என்ன? முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்துக்கு இறக்கம் அதிகம், அகலமும் அதிகம். தண்ணீர் எப்போதும் பள்ளத்தைத்தானே தேடும்? வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடத்தின் படுகை ஆழமானது. காவிரியின் வாயில் மணல் மேடிட்டது. வந்த தண்ணீரெல்லாம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போக, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. மணலை வெட்டி எடுத்தார்கள், கரையை உயர்த்தினார்கள். அடுத்த வெள்ளத்தில் பழையபடி ஆகிவிடும். இப்படியே விட்டால் காவிரி என்ற ஆறே தூர்ந்துபோகும் என்ற பயம் வந்துவிட்டது.

கொள்ளிடத்தின் வாயில் குறுக்கே ஒரு தடுப்பு வைத்தால் தண்ணீர் காவிரிப் பக்கம் திரும்பும். இது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் கொள்ளிடத்தில் எங்கே தோண்டினாலும் மணல், பாறை கிடையாது. மணல் மேல் எப்படி அஸ்திவாரம் போடுவது? காட்டன் படித்து வந்த படிப்பில் இதற்கு விடை இல்லை. விடை தீவின் கீழ்க்கோடியில் இருந்தது. அதுதான் நம் கல்லணை.

இந்த இடத்தில் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் இருக்கும். அந்த முப்பது கிலோமீட்டருக்குள் எத்தனை காட்சிகள்! ஒரு பக்கம் வாழைத் தோட்டம், ஜீயபுரம், முத்தரசநல்லூர். அப்புறம் அம்மா மண்டபம் படித்துறை, தெற்கே மலைக்கோட்டை. வடகரைப் பக்கம் கொள்ளிடம், பார்க்கப் பார்க்க மணலும் நாணலும். துறையூர் பஸ்ஸில் திருவெள்ளறையிலிருந்து வருகிற எனக்கு இந்த இரண்டு ஆற்றையும் தாண்டினால்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு. எங்க ஊருக்குள் ஆறு கிடையாது. பல்லவர் காலத்து ஸ்வஸ்திக் கிணறுதான் எங்கள் பெருமை. நாலு பக்கமும் படி இறங்கும், ஒரு பக்கம் குளிப்பவரை மறு பக்கம் இருப்பவர் பார்க்க முடியாது. வெட்டி வைத்த கம்பன் அரையன் பேர் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் மண் சுமந்தவன் பேர் அதிலும் இல்லை.

கல்லணைக்கு வருவோம். கரிகாலன் கட்டியது என்று நாம் சொல்லும் அந்த அணை 1,080 அடி நீளம். காவிரித் தண்ணீர் மறுபடியும் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. 1830-ல் அதில் மணல்போக்கி மதகுகள் வைக்கும்போது காட்டனுக்கு அதன் அடிப்பகுதியைப் பார்க்க வழி கிடைத்தது. உள்ளே பார்த்தால் பாறையும் இல்லை, பெரிய வேலைப்பாடும் இல்லை. களிமண்ணில் பதித்த கரடுமுரடான கல், அதற்குக் கீழே வெறும் மணல். பெரிய கற்களை ஆற்றில் போட்டிருக்கிறார்கள். வெள்ளம் அடியிலுள்ள மணலை அரிக்க அரிக்கக் கல் உள்ளே இறங்கும். மேலே மறுபடி கல். இறங்குவது எங்கே நிற்கிறதோ, அதுதான் அஸ்திவாரம்! மணல் மேல் கட்டக்கூடாது என்பதில்லை, தண்ணீர் அடியை அரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது அவருக்குப் புரிந்தது. இதைத் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத அந்தப் பழைய பொறியாளர்களிடம் கற்றதாக வெளிப்படையாகவே எழுதிவைத்தார். ஆள்கிற சாதி, ஆளப்படுகிறவனிடம் பாடம் கேட்டேன் என்று அந்தக் காலத்தில் ஒப்புக்கொள்வது சின்ன விஷயமா?

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கிறது. எங்க அப்பா கொத்தனார். கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். கடைக்கால் வெட்டும்போது ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தே இன்னும் எவ்வளவு ஆழம் போகணும்னு சொல்லிவிடுவார். அதையேதான் நான் மண் இயக்கவியல் பாடத்தில் அட்டவணை போட்டுப் படிக்கிறேன். புத்தகத்தில் அவர் பேர் வராது, அவ்வளவுதான்.

1836-ல் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதே சமயத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. 2004 முதல் சென்னைக்காரர்கள் குடிப்பதிலும் அந்தத் தண்ணீர் உண்டு. அணைக்கட்டு என்ற நம் சொல்லே இங்கிலீஷில் அனிகட் ஆகிப் போனது. தஞ்சாவூரில் விளைச்சல் கூடியது, நிலத்தின் விலை ஏறியது, கம்பெனியின் வரி வசூலும் ஏறியது. கம்பெனி தருமத்துக்குக் காசு போடவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

எல்லாம் முதல் தடவையே சரியாக வந்துவிட்டதா என்றால், இல்லை. அணை வந்ததும் காவிரிக்குள் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து, இப்போது காவிரியின் படுகை அரிக்க ஆரம்பித்தது. 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தணித்து, காவிரியின் வாயிலும் ஒரு தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு ஆற்றை ஒரு இடத்தில் தொட்டால் அது இன்னொரு இடத்தில் பதில் சொல்லும்.

1841-ல் எலிசபெத் லியர்மந்த் என்பவரை மணந்தார். பிறகு கோதாவரிக்குப் போனார். பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்த பூமி அது. ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் தவளேஸ்வரத்தில் 1847 முதல் 1852 வரை அணை கட்டினார். கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கிறது. விஜயவாடாவில் கிருஷ்ணாவின் மேல் எழுந்த அணைக்கும் அவர்தான் தூண்டுகோல். 1861-ல் சர் பட்டம் கிடைத்தது.

ரயிலை விடக் கால்வாய்தான் நாட்டுக்கு நல்லது என்பது அவர் கட்சி. பாசனமும் ஆச்சு, படகுப் போக்குவரத்தும் ஆச்சு என்று நதிகளையெல்லாம் இணைக்கத் திட்டம் சொன்னார். அதில் அவர் கணக்குத் தப்பியதும் உண்டு. அவர் ஆதரவோடு ஒரு தனியார் கம்பெனி வெட்டிய கர்நூல்–கடப்பா கால்வாய் நஷ்டத்தில் ஓடி, 1882-ல் அரசாங்கம் அதை வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது. பார்லிமெண்டுக் குழுவின் முன் வயசான காலத்தில் போய் நின்று, தன் கட்சிக்காக வாதாடினார். ரயில்தான் ஜெயித்தது.

கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் தன் தோட்டத்து மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை போட்டு, விளைச்சல் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். 1899-ம் ஆண்டு ஜூலை 24-ம் தேதி, 96-வது வயதில் காலமானார். மறு வருஷம் அவருடைய மகள் அவர் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார்.

அவர் கட்டிய மேலணை மேலும் 119 வருஷம் நின்றது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. அந்த மாதமே ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. அடிமணலை அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். அரசாங்கம் மறுத்தது. இப்போது பக்கத்திலேயே புதிய கதவணை வந்துவிட்டது.

இடிந்த சமயம் நான் சின்னப் பையன். அப்பா முக்கொம்புக்குக் கூட்டிப் போனார். லாரி லாரியாகப் பாறாங்கல்லும் மணல் மூட்டையும் கொண்டுவந்து உடைப்பில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். போட்ட கல் கண்ணெதிரே காணாமல் போனது. இவ்வளவும் வீணாப் போகுதே என்று நான் கேட்டதற்கு, அது வீண் இல்லடா, கீழே போய் உட்காருது, கொஞ்ச நேரம் பார் என்றார் அப்பா. நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தண்ணீருக்கு மேலே கல் தெரிய ஆரம்பித்திருந்தது.